இனிப்புநீர் கண்ட பூனை

கிள்ளானில், தெங்கு கிளானா சாலைக்குச் சற்று அப்பால் உள்ள வரிசை வீடுகளுள் ஒன்றில், கருப்பன் என்னும் ஆண் பூனை வளர்வதாக வைத்துக்கொள்வோம். வயது பத்து. கருத்தடை செய்யப்பட்டது. எடை ஏழு கிலோ. பகலெல்லாம் நாற்காலியில் படுத்திருந்து, தட்டில் மாத்திரைத் தீனி விழும் ஓசை கேட்டால் மட்டும் எழுந்து வரும் பூனை அது.

ஒரு நாள் காலை, கருப்பன் சிறுநீர் கழிக்கும் மண்தட்டைச் சுற்றி எறும்புகள் மொய்த்திருந்தன. யாரோ சீனியைக் கொட்டிவிட்டதாக எண்ணி அம்மா துடைத்தார். மறுநாளும் எறும்புகள் வந்தன. அந்த வாரத்தில்தான் வேறு சிலவும் கண்ணில் பட்டன. தண்ணீர்க் கிண்ணம் நாளுக்கு மூன்று முறை வற்றியது. அது போதாதென்று குளியலறை வாளியிலும் கருப்பன் வாய் வைத்தது. வழக்கத்தைவிட அதிகமாகத் தின்றது. ஆனால், முதுகைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. பின்னங்கால்களை நிமிர்த்தி நடக்காமல், முயலைப் போலக் குதிகால் வரை தரையில் பதித்து நடந்தது.

எறும்புகள் தவறான இடத்திற்கு வரவில்லை. நீரிழிவு நோயாளியின் சிறுநீரை எறும்பு நாடும் என்பதைப் பண்டைய இந்திய மருத்துவர்கள் கவனித்து, அந்நோயை ‘மதுமேகம்’ என்று அழைத்தனர். மது என்றால் தேன். மலாய்மொழியில் ‘கெஞ்சிங் மானிஸ்’ என்கிறார்கள். மலேசியத் தமிழர் வீடுகளில் அதுவே ‘இனிப்புநீர்’. மூன்று பெயர்களும் ஒரே செய்தியைச் சொல்கின்றன. ஆரோக்கியமான பூனையின் இரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 4 முதல் 8 மில்லிமோல் வரை இருக்கும். அது 14 அல்லது 16ஐத் தாண்டும்போது சிறுநீரகத்தால் சர்க்கரையைத் தடுத்து நிறுத்த முடிவதில்லை. சர்க்கரை சிறுநீரில் வழிகிறது. வழியும்போது உடலின் நீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. எனவேதான் ஓயாத தாகம். இரத்தத்தில் சர்க்கரை நிரம்பி வழிந்தாலும் இன்சுலின் வேலை செய்யாததால் அது திசுக்களுக்குள் நுழைவதில்லை. எனவேதான் ஓயாத பசியும் மெலிவும். நரம்புகளும் பாதிக்கப்படுவதால் பின்னங்கால் தளர்கிறது.

பூனைகளுக்கு வரும் நீரிழிவு, பெரும்பாலும் மனிதர்களின் இரண்டாம் வகை நீரிழிவை ஒத்தது. உடற்பருமன், நடுத்தர வயதுக்கு மேற்பட்ட முதுமை, வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் வாழ்க்கை, சிலவேளை ஸ்டீராய்டு மருந்து ஆகியவை காரணங்களாகின்றன. கருத்தடை செய்யப்பட்ட ஆண் பூனைகளிடம் இந்நோய் கூடுதலாகக் காணப்படுகிறது. இதில் ஒரு விந்தை உண்டு. பூனையால் இனிப்புச் சுவையை உணரவே முடியாது. இனிப்பை உணரும் ஏற்பிக்குத் தேவையான மரபணு பூனை இனத்தில் செயலிழந்துவிட்டதை 2005ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். கருப்பன் ஒருபோதும் குலாப் ஜாமூனைத் திருடித் தின்றதில்லை. அதன் தட்டில் நாள்தோறும் விழுந்த உலர்தீனியில்தான் மாவுச்சத்து இருந்தது. இறைச்சி தின்னப் பிறந்த உயிருக்கு மாவுச்சத்தைக் கையாளும் ஆற்றல் குறைவு.

மலேசியாவில் இந்நோயைப் பற்றி அறியாத வீடு அரிது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் ஐவருள் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. கருப்பன் வளரும் வீட்டில் அந்த ஒருவர் பாட்டி. பன்னிரண்டு ஆண்டுகளாக இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். பூனையைக் கிளினிக்கிற்குக் கொண்டு போவதற்கு முன்பே, “நம்ம வியாதிதான் இதுக்கும் வந்திருக்கு” என்று அவர் சொல்லிவிட்டார்.

கிளினிக்கில் எடுத்த முதல் அளவு 24 மில்லிமோல். ஆயினும், கால்நடை மருத்துவர் அந்த ஓர் எண்ணை மட்டும் நம்பிவிடவில்லை. கூண்டுப் பயணம், நாய் குரைக்கும் ஓசை, முன்பின் தெரியாத கை ஆகியவற்றால் அஞ்சிய பூனைக்கு, நோயே இல்லாவிட்டாலும் சர்க்கரை வெகுவாக உயரும். எனவே, பிரக்டோசமின் என்னும் மற்றோர் இரத்தச் சோதனையையும் அவர் செய்தார். அது அந்த நிமிடத்தின் அளவைக் காட்டாது. கடந்த ஒன்றிரண்டு வாரங்களின் சராசரியைக் காட்டும். அதுவும் உயர்ந்தே இருந்தது. ஒரு நாளைக்கு இருமுறை, பன்னிரண்டு மணிநேர இடைவெளியில், ஒரு யூனிட் இன்சுலின் என்று முடிவாயிற்று.

நான்காம் படிவத்தில் படிக்கும் மகள் பள்ளிக்குப் புறப்படுவதற்கு முன், காலை 6.30க்கு முதல் ஊசி. மாலை 6.30க்கு அடுத்தது. ஊசிக்கு முன் காதின் ஓரத்தில் மெல்லக் குத்தி, ஒரு துளி இரத்தத்தை எடுத்து அளக்க வேண்டும். காதைச் சற்று நேரம் விரல்களால் சூடாக்கினால் இரத்தம் எளிதில் வரும். முதல் நாள் மகளின் கை நடுங்கியது. “பயப்படுறது பூனை இல்லம்மா, நீதான்” என்று பாட்டி பக்கத்தில் அமர்ந்து கற்றுக்கொடுத்தார். கழுத்துக்குப் பின்புறத்திலோ விலாப்பக்கத்திலோ தோலைக் கூடாரம் போலத் தூக்கிப் பிடித்து, அதன் அடியில் ஊசியைச் செலுத்துவது, காதில் குத்துவதைவிட எளிது. நான்காம் நாள் முதல், கருப்பன் தின்றுகொண்டிருக்கும்போதே வேலை முடிந்தது.

வேலை எளிதானது, எண்கள்தாம் எளிதாகவில்லை. ஊசிக்கு முன் எடுத்த அளவுகளை மகள் ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் எழுதி வந்தாள். திங்கள் காலை 22. மாலை 14. செவ்வாய் காலை 25. புதன் காலை 17. வியாழன் மீண்டும் 23. அதே பூனை, அதே தீனி, அதே ஒரு யூனிட். எண்கள் மட்டும் ஊஞ்சல் ஆடின. ஊசி போட்டும் 20க்கு மேல் காட்டுகிறதே என்று அப்பா கவலைப்பட்டார். வியாழன் மாலை இரண்டு யூனிட் போட்டார்கள். வெள்ளி காலை 26 காட்டியது. அன்று மாலை மூன்று யூனிட் ஆயிற்று. சனிக்கிழமை காலையும் மூன்று. மருத்துவரை யாரும் கேட்கவில்லை. இத்தவறு பல வீடுகளில் நிகழ்வதுதான். அளவு அதிகமாக இருந்தால் மருந்தைக் கூட்டுவது அறிவுக்குப் பொருத்தமாகவே தோன்றும்.

சனிக்கிழமை நண்பகலில், சோபாவுக்கு அடியில் கருப்பன் நிலைகுலைந்து கிடந்தது. எழ முயன்று பக்கவாட்டில் சாய்ந்தது. கண்கள் அகன்று, எதையும் பார்க்காமல் பார்த்தன. முகம் வெட்டி வெட்டி இழுத்தது. பாட்டிதான் முதலில் புரிந்துகொண்டார். அந்த மயக்கம் அவருக்கு இருமுறை வந்திருக்கிறது. “தேன் கொண்டா!” என்றார். விரல் நுனியில் தேனைத் தொட்டு, ஈறுகளில் தடவினார். வாய்க்குள் ஊற்றவில்லை. விழுங்க முடியாத விலங்கின் வாயில் எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குள் போகக்கூடும். இழுப்பு கண்ட வாய்க்குள் விரலை ஆழமாக விடுவதும் ஆபத்து. சில நிமிடங்களில் கருப்பன் தலையைத் தூக்கியது. அதன்பின் கொஞ்சம் தீனி வைத்து, துண்டில் சுற்றிக் கிளினிக்கிற்கு ஓடினார்கள். தேன் தந்த பிறகும் அங்கே எடுத்த அளவு 2.9. தேன் கொடுத்துத் தெளிந்துவிட்டதே என்று வீட்டிலேயே இருந்திருந்தால், உடலில் எஞ்சியிருந்த இன்சுலின் ஒரு மணிநேரத்தில் அதை மறுபடியும் வீழ்த்தியிருக்கும்.

சர்க்கரை ஏறியிருப்பது பல மாதங்களில் கெடுக்கும். சர்க்கரை இறங்கினால் ஒரே நண்பகலில் கொல்லும். இந்த வேறுபாட்டை அறிந்தவர் ஊசி போடுமுன் தயங்குவார். பூனை தின்ன மறுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ, ஊசிக்கு முன் எண் வழக்கத்தைவிட மிகத் தாழ்ந்திருந்தாலோ, முதலில் மருத்துவரை அழைத்துக் கேட்க வேண்டும். ஒருவேளை ஊசி தவறிப்போனால் அடுத்த வேளையில் இரட்டிப்பாகப் போடக்கூடாது. ஊசி உள்ளே போனதா, முடியில் சிந்தியதா என்று ஐயம் வந்தாலும் மறுபடி போடக்கூடாது. அதற்காக, பயந்துகொண்டு நாள்கணக்கில் ஊசியை நிறுத்திவிடவும் முடியாது. இன்சுலின் இல்லாத உடல் கொழுப்பை எரித்து, கீட்டோன் என்னும் அமிலப் பொருளைப் பெருக்கும். அதுவும் உயிருக்கு உலை வைப்பதே.

காலை எண் உயர்ந்திருக்க, நண்பகலில் அதே பூனை மயங்கி விழுந்தது எப்படி? ஊசிக்கு முன் எடுக்கும் அளவு, பன்னிரண்டு மணிநேரக் கதையின் கடைசி வரி மட்டுமே. நடுவில் நடந்ததை அது சொல்வதில்லை. மருத்துவர் பழையபடி ஒரு யூனிட்டுக்கு இறக்கிவிட்டு, இரண்டு வாரம் கழித்து, வீட்டிலேயே ஒரு முழுநாள் அளவெடுக்கச் சொன்னார். பள்ளி விடுமுறை நாளில் மகள் இரண்டு மணிநேரத்திற்கு ஒருமுறை குத்தி எழுதினாள். காலை 6.30க்கு 20.8. அடுத்து 15.1. பிறகு 9.6. நண்பகல் 12.30க்கு 5.9. அதன்பின் ஏறுமுகம்: 7.4, 13.3. மாலை 6.30க்கு 21.5. அவ்வெண்களை வரைபடத் தாளில் புள்ளியிட்டு இணைத்தபோது, நடுவில் பள்ளம் விழுந்த தொட்டில் போல ஒரு வளைகோடு தோன்றியது. பள்ளத்தின் அடியில் 5.9. ஒரு யூனிட்டே அங்கே போதுமானதாக இருந்தது. மூன்று யூனிட் என்ன செய்திருக்கும் என்பதை விளக்கத் தேவையே இல்லை.

மருந்தின் அளவு குறைவாக இருக்கவில்லை. அதன் வேலை நேரம்தான் குறைவாக இருந்தது. பல பூனைகளின் உடல் இன்சுலினை மனிதரைவிட விரைவாகச் செலவழித்துவிடுகிறது. எனவே, பன்னிரண்டு மணிநேரம் தாங்க வேண்டிய மருந்து எட்டு மணிநேரத்திலேயே தீர்ந்துபோகிறது. இதோடு இன்னொரு விளக்கமும் உண்டு. சர்க்கரை மிகத் தாழும்போது உடல் அஞ்சி, குளுக்ககான், அட்ரினலின் போன்ற சுரப்புகளை வெளியேற்றும். கல்லீரல் தன் சேமிப்பை அவிழ்த்துவிடும். சர்க்கரை துள்ளி எழும். 1930களில் மைக்கேல் சோமோகி என்னும் வேதியியலாளர் மனிதர்களிடம் இதை எடுத்துரைத்ததால், இதைச் சோமோகி விளைவு என்பர். பூனைகளிடம் இது எவ்வளவு அடிக்கடி நிகழ்கிறது என்பதில் மருத்துவர்களிடையே இன்றும் ஒத்த கருத்து இல்லை. எந்த விளக்கம் பொருந்தினாலும், காலையில் கண்ட ஓர் உயர்ந்த எண்ணைப் பார்த்து மருந்தைக் கூட்டுவது தவறு என்பதில் ஐயமில்லை.

எண்கள் ஆடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. அவற்றைத் தேடும் வேலை துப்பறிவதைப் போன்றது. மலேசிய வெயிலில் நிறுத்திய காருக்குள் அரைமணி நேரம் கிடந்த இன்சுலின் குப்பி, பார்ப்பதற்கு நேற்றுப் போலவே இருக்கும். ஆனால், அதன் ஆற்றல் குறைந்திருக்கக்கூடும். உறைந்துபோன குப்பியும் அப்படியே. குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதிக்குப் பக்கத்தில் அதை வைப்பது கூடாது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஊசி போட்டால் அவ்விடத்தில் மருந்து சீராக உறிஞ்சப்படாமல் போகலாம். சொத்தைப் பல், ஈறு வீக்கம், சிறுநீர்த் தொற்று, கணைய அழற்சி ஆகியவை இன்சுலினுக்கு எதிராக நின்று சர்க்கரையை ஏற்றும். இவற்றுள் வாயைத்தான் மக்கள் கடைசியாகப் பார்க்கிறார்கள். மனிதருக்கான அளவுமானி பூனையின் இரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். ஆகவே, பாட்டியின் கருவியையும் பூனையின் கருவியையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் எண்கள் தாமாகவே ஆடும். எல்லாம் சரியாக இருந்தாலும், ஒரே பூனைக்கு ஒரே அளவு மருந்து நாளுக்கு நாள் சற்று வேறுபட்டே வேலை செய்யும். 17க்கும் 20க்கும் உள்ள வேறுபாட்டிற்கெல்லாம் காரணம் தேடுவோர் தூக்கத்தைத்தான் இழப்பர்.

கருப்பனின் கதையில் ஒரு காரணம் வேலிக்கு அப்பால் இருந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி, தெருப் பூனைகளுக்கென்று பிற்பகலில் வாசலில் உலர்தீனி வைப்பார். கருப்பனும் சுவரேறிப் போய்ப் பங்கு போட்டுக்கொள்ளும். போன நாள்களில் மாலை எண் எகிறியது. மழை பெய்து போகாத நாள்களில் தாழ்ந்தது. அம்மா அங்குப் போய் நோயைப் பற்றி விளக்கினார். “ஐயோ, எனக்குத் தெரியாதே, பாவம்! மெலிஞ்சு போச்சேன்னு நான்தான் கூடுதலா வச்சேன்” என்றார் அவர். அன்று முதல் தீனிக் கிண்ணம் பின்கட்டுக்கு மாறியது.

மருத்துவர் நீண்டநேரம் வேலை செய்யும் கிளார்ஜின் என்னும் இன்சுலினுக்கு மாற்றினார். உலர்தீனியை நிறுத்தி, மாவுச்சத்து குறைந்த ஈரத்தீனியைப் படிப்படியாகக் கொடுக்கச் சொன்னார். தீனியை மாற்றினாலே இன்சுலின் தேவை சட்டென்று குறையக்கூடும் என்பதால், அந்த வாரங்களில் அடிக்கடி அளக்க வேண்டியிருந்தது. இம்மாற்றத்தில் ஒரு கண்ணியும் ஒளிந்திருந்தது. விலங்குகளுக்கான பழைய மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட். புதியதில் 100 யூனிட். ஒவ்வொன்றிற்கும் தனித்தனி ஊசிக்குழல் உண்டு. 40க்கு உரிய குழலில் புதிய மருந்தை ஒரு கோடு வரை இழுத்தால், உள்ளே போவது ஒரு யூனிட் அல்ல, இரண்டரை யூனிட். கணக்குப் பாடத்தில் இப்படிப் பிழை செய்தால் மதிப்பெண் போகும். பழைய குழல்கள் அனைத்தையும் அம்மா அன்றே கிளினிக்கில் திருப்பிக் கொடுத்துவிட்டார். பாட்டியின் ஊசிப்பேனாவும் அதே கிளார்ஜின்தான் என்றாலும், அதைக் கருப்பனுக்குப் பயன்படுத்தக்கூடாது என்று மருத்துவர் கண்டித்துச் சொன்னார். பேனாவை நோயாளிகள் பகிர்ந்துகொள்வது எந்நிலையிலும் தகாது.

இவ்வளவும் பணமின்றி நடவாது. மருந்து, ஊசிக்குழல், அளவுத்தாள், ஈரத்தீனி, கிளினிக் கட்டணம் என மாதந்தோறும் ரிங்கிட் கரையும். பணத்தைவிடக் கடினமானது நேரம். பன்னிரண்டு மணிநேரச் சங்கிலியில் கட்டுண்ட குடும்பம், ஈப்போவில் ஒரு திருமணத்திற்குப் போய்த் தங்க முடியாது. “இன்னும் எத்தனை நாளைக்கு?” என்று அப்பா ஒருமுறை கேட்டார். அக்கேள்வியில் இரக்கமின்மை இல்லை, களைப்புத்தான் இருந்தது. இந்நிலையில் சில குடும்பங்கள் பூனையை வலியின்றி உறங்கவைக்க முடிவு செய்வதுண்டு. மருத்துவர்களும் அதை எளிதில் குறை கூறுவதில்லை. ஆனால், நோய் தெரிந்த முதல் வாரத்திலேயே, களைப்பும் அச்சமும் உச்சத்தில் இருக்கும்போது, அம்முடிவை எடுப்பது அவசரமாகிவிடும். ஏனெனில், நாய்களுக்கு அரிதாகவே கிட்டும் ஒரு வாய்ப்பு பூனைகளுக்கு உண்டு. தொடக்கத்திலேயே முறையாகச் சிகிச்சை அளித்தால், சில பூனைகளின் கணையம் ஓய்வு பெற்று, மீண்டும் தானே இன்சுலின் சுரக்கத் தொடங்கும். ஊசியே தேவைப்படாத நிலை வரலாம். அதற்கு உறுதி கிடையாது. நோய் திரும்பவும் கூடும்.

இன்று வேறு வழிகளும் திறந்திருக்கின்றன. மனிதர்கள் கையில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை உணர்கருவியைப் பூனையின் தோளில் மயிர் மழித்து ஒட்டுவதுண்டு. அது காதுக் குத்தலைக் குறைக்கும். விளையாட்டுப் பூனையானால் மூன்றாம் நாளே பிய்த்தெறிந்துவிடும். 2022ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பூனைகளுக்கான நீரிழிவு மாத்திரை முதன்முதலாக அனுமதி பெற்றது. ஆனால், அது முன்பு இன்சுலின் போட்டிராத பூனைகளுக்கு மட்டும் உரியது. சிக்கலான நோயாளிகளைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள கிளினிக்குகள், செர்டாங்கில் அமைந்த மலேசியப் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனைக்கு அனுப்பி வைப்பதுண்டு.

நான்காம் மாதத்தில் எண்கள் மறுபடியும் ஆடத் தொடங்கின, இம்முறை கீழ்நோக்கி. ஊசிக்கு முன் 9. பிறகு 7. ஒரு மாலை 5.2. மகள் ஊசிக்குழலைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தாள். “நல்லது செய்தாய்; இன்று போட வேண்டாம்,” என்றார் மருத்துவர். நல்ல செய்தி இப்படித்தான் ஆபத்தின் உருவில் வரும். கணையம் தேறி வருவதை அறியாமல் பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால், சோபாவுக்கு அடியில் கண்ட காட்சி திரும்பியிருக்கும். அரை யூனிட்டாகக் குறைத்து, பின்பு நிறுத்தி, வாரம் இருமுறை மட்டும் அளந்தார்கள். பின்னங்கால்கள் மெல்ல நிமிர்ந்தன.

தீபாவளிக்கு முதல் நாள் மாலை, பலகார வாசனை வீடெங்கும் நிறைந்திருந்தபோது, பாட்டியும் கருப்பனும் அவரவர் கருவியில் அளவு பார்த்துக்கொண்டார்கள். கருப்பனுக்கு 6.1. பாட்டிக்கு 11.8. மகள் இரண்டையும் புத்தகத்தில் எழுதினாள். பாட்டி அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருமுறை பார்த்தார். பிறகு, கையில் எடுத்திருந்த அதிரசத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு, மண்தட்டைக் கழுவ எழுந்து போனார். அதைச் சுற்றி எறும்புகள் இல்லை.